துவா தங்கோவைலோவா காலேஜ்ல அப்படி என்ன பண்ணான்?

கேட்டிருந்த கேள்வி இது: "துவா-ன்னு தேடினா ஒருத்தர் தலையில அடிபட்டு கிரவுண்ட்ல விழுந்து கிடக்குற வீடியோதான் வருது, ஆனா அமெரிக்காக்காரங்க இவரை காலேஜ் டைம்ல கொண்டாடினாங்கன்னு சொல்றாங்களே, அப்படி என்ன பண்ணாரு? அதோட சமோவாக்காரங்க இந்த விளையாட்டுல ஏன் இவ்ளோ பேர் இருக்காங்க?"

ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிடக்குற கேள்வி, அதனால சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும். 2016ல இருந்து 2019 முடியிற வரைக்கும் நான் அலபாமால டஸ்கலூசாங்கிற ஊர்லதான் இருந்தேன், முதல்ல படிப்பு, அப்புறம் அங்கயே வேலை. துவா அந்த ஊர்ல இருக்குற அலபாமா யுனிவர்சிட்டிக்கு வந்தது 2017 ஜனவரி, கடைசியா அந்த ஜெர்சில ஆடினது 2019 நவம்பர். அந்த மொத்த காலமும் அந்த ஊர்லயே இருந்து பார்த்தவன் நான். என்னை விட வயசுல ரொம்ப சின்னவன், அந்த உரிமைல அவன் இவன்னே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல பேரு. டிவில டேகோவலோவான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. சமோவா மொழில இங்கிலீஷ் 'ஜி' எழுத்தைப் போட்டா அதோட சத்தம் நம்ம 'ங'. அமெரிக்கன் சமோவா தலைநகரை எல்லாரும் பாகோ பாகோன்னு படிக்கிறோம்ல, ஊர்க்காரங்க வாயில அது பாஙோ பாஙோ. அதே மாதிரி இவன் குடும்பப் பேரு தஙோவைலோவா, எழுத வசதியா தங்கோவைலோவான்னு வச்சுக்கலாம். முழுப்பேரு இன்னும் பெருசு, துவானிஙாமனுவோலெபோலா. அப்பா பேரு ஙாலு, அந்த வார்த்தைக்கு கடல் அலைன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல எழுத்து இல்லாத சத்தத்துக்கு நம்ம கிட்ட தனி எழுத்தே இருக்கு, அதனால இந்தப் பேரை அமெரிக்க கமெண்ட்ரி சொல்றவங்களை விட நாம சரியா சொல்லிடலாம்.

அடுத்து விளையாட்டு, தெரிஞ்சவங்க இந்தப் பாராவை தாண்டிப் போயிடுங்க. இது நம்ம ஃபுட்பால் இல்ல, முட்டை மாதிரி பந்தை கையில வச்சு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால். பந்து கையில இருக்குற டீமுக்கு நாலு சான்ஸ், ஒவ்வொண்ணையும் டவுன்னு சொல்லுவாங்க, அந்த நாலுக்குள்ள 10 யார்டு முன்னேறணும், முன்னேறிட்டா புதுசா நாலு சான்ஸ், இல்லன்னா பந்து அடுத்த டீமுக்கு. இதுல பந்தை வாங்கி, எதிர் டீம் எப்படி நிக்குதுன்னு ரெண்டு மூணு செகண்டுக்குள்ள படிச்சு, யாருக்கு எறியணும்னு முடிவு பண்ற ஆள்தான் குவாட்டர்பேக். டீமோட மூளை, முகம், சம்பளம் எல்லாம் அங்கதான். காலேஜ் ஃபுட்பால்னா ஏதோ மாணவர் போட்டின்னு நினைச்சுடாதீங்க, அலபாமா யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல லட்சம் பேர் உட்காரலாம், டஸ்கலூசா ஊர் ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்ளோதான். மேட்ச் இருக்குற சனிக்கிழமை காலையில பால் வாங்க கார் எடுத்தா திரும்பி வர மதியம் ஆயிடும்.

இப்போ சமோவா. தெற்கு பசிபிக்ல இருக்குற தீவுகள், ரெண்டு பகுதியா இருக்கு. மேற்குப் பக்கம் 1962ல சுதந்திரம் வாங்கின தனி நாடு. கிழக்குப் பக்கம் அமெரிக்கன் சமோவா, 1900ல இருந்து அமெரிக்கா கையில, மொத்தமே 50 ஆயிரம் பேர் கிட்டதான். ரொம்ப வருஷம் அதை நடத்தினது அமெரிக்க நேவி. 1951ல நேவி அந்த தளத்தை மூடிட்டு கிளம்புச்சு, அதை நம்பியே பொழைச்ச குடும்பங்களுக்கு வேலை போச்சு, அடுத்த வருஷமே ஒரு கப்பல்ல கிட்டத்தட்ட ஆயிரம் பேர் ஹவாய்க்கு ஏறிப் போனாங்க. அங்க இருந்து கலிஃபோர்னியா, சியாட்டில்னு பரவினாங்க. இன்னைக்கு ஹவாய்லயும் கலிஃபோர்னியாலயும் இருக்குற சமோவா குடும்பங்கள்ல நிறைய பேருக்கு வேர் இந்த நகர்வுலதான் இருக்கு.

சமோவாக்காரங்க ஃபுட்பாலுக்குள்ள வந்த கதையில எனக்கு ஒரு கோபம் உண்டு. டிவில எப்போ பார்த்தாலும் "போர்வீரர் ரத்தம்", "பிறவியிலயே பலசாலி"ன்னு பேசுவாங்க. நிஜக் காரணம் வேற. ஊர்ல டூனா மீன் டப்பா போடுற ஃபேக்டரி, கவர்மெண்ட் வேலை, மிலிட்டரி, இதை விட்டா பெருசா ஒண்ணும் இல்ல. வெளியூர் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைக்க ஃபுட்பால் ஒரு வழி. கல்லும் முள்ளுமா இருக்குற கிரவுண்ட்ல பழைய ஹெல்மெட்டை மாத்தி மாத்திப் போட்டு பசங்க பயிற்சி பண்றாங்க. அது போக குடும்பம், சர்ச், பெரியவங்க பேச்சுக்கு கட்டுப்படுறது, இதெல்லாம் சேர்ந்த வாழ்க்கை முறைக்கு அவங்க ஃபா சமோவான்னு பேரே வச்சிருக்காங்க. ஒழுங்கா வர்றது, சொன்னதைக் கேக்குறது, பக்கத்துல இருக்கறவனுக்காக அடி வாங்குறது, கோச்சுக்கு இதெல்லாம் தங்கம். இவ்ளோ காரணம் கண்ணு முன்னாடி இருக்கும்போது ரத்தம்னு சொல்லி முடிச்சுடறது அவங்க உழைப்பை அவமானப்படுத்துற மாதிரி.

இந்த ரத்தப் பேச்சால நடந்த இன்னொரு கெடுதல்தான் நம்ம கதைக்கு முக்கியம். சமோவாப் பையன் வந்தாலே கோச் கண்ணுக்கு முட்டி மோதுற ஆளாத்தான் தெரிவான், லைன்ல நிறுத்து, டிஃபென்ஸ்ல நிறுத்து. 1945ல என்எஃப்எல்ல, அதாவது காசு வாங்கி ஆடுற தொழில்முறை லீக்ல, ஆடின முதல் சமோவாக்காரர் ஆல் லோலோடாய் லைன்மேன். அறுபதுகள்ல மிச்சிகன் ஸ்டேட்ல கொடிகட்டின பாப் அபீசா ஃபுல்பேக், அதாவது பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஆளுங்க மேல மோதி ஓடுறவர். ஜூனியர் சியாவ், டிராய் பொலமாலு ரெண்டு பேரும் யுஎஸ்சி காலேஜ்ல ஆடி பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போனவங்க, ரெண்டு பேரும் டிஃபென்ஸ். பந்தை எறியிற இடத்துக்கு வந்தவங்க ரொம்பக் கம்மி. டுடுய்லா தீவுல பிறந்து சியாட்டில்ல வளர்ந்த ஜாக் தாம்ப்சன் எழுபதுகள்ல வாஷிங்டன் ஸ்டேட்ல குவாட்டர்பேக், "எறியும் சமோவன்"னு பத்திரிகைக்காரங்க பட்டப்பேரே வச்சாங்க, ஒரு சமோவன் எறியிறதே அவ்ளோ அதிசயமா இருந்திருக்கு. அவர் காலேஜ் முடிக்கும்போது அந்த லெவல்ல அதுவரைக்கும் யாரும் எறியாத அளவுக்கு 7,818 யார்டு எறிஞ்சிருந்தாரு, காலேஜ் முடிக்கிற ஆளுங்களை என்எஃப்எல் டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்குற டிராஃப்ட்ல, 1979ல, மூணாவது ஆளா எடுத்தாங்க. அப்புறம் கிட்டத்தட்ட 35 வருஷம் கழிச்சு மார்கஸ் மரியோட்டா, அப்பா சமோவா, அம்மா ஜெர்மன் வம்சாவளி, ஹோனலூலுல பிறந்தவர், 2014ல ஆரிகான் காலேஜுக்காக ஹெய்ஸ்மன் டிராஃபி வாங்கினாரு. காலேஜ் ஃபுட்பால்ல வருஷத்துக்கு ஒரே ஒருத்தருக்குக் குடுக்குற உச்ச விருது அது. ஹவாய்ல பிறந்த ஒருத்தருக்கு, பாலினேசிய ஆள் ஒருத்தருக்கு, அது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

மரியோட்டா படிச்ச ஸ்கூல் ஹோனலூலு செயின்ட் லூயிஸ். அவரைப் பார்த்து வளர்ந்த பையன்தான் துவா. பிறந்தது 1998 மார்ச் 2, ஹவாய் ஓவாஹு தீவுல ஈவா பீச்சுன்னு ஒரு ஊர். செயின்ட் லூயிஸ் ஸ்கூல் ஹோனலூலு தாண்டி அந்தப் பக்கம், டிராஃபிக்ல மாட்டாம போகணும்னா விடியுறதுக்கு முன்னாடி கிளம்பணும். அங்க வின்னி பாஸஸ்னு ஒரு கோச், மரியோட்டாவுக்கும் எறியக் கத்துக்குடுத்தவர் அவர்தான், துவாவுக்கும் அவர்தான்.

துவா பிறவியில வலது கைக்காரன். எழுதுறது, சாப்பிடுறது எல்லாமே வலது கை. குடும்பத்துல இடது கைப் பழக்கம் அப்பா ஙாலுவுக்கு மட்டும்தான். தன்னை மாதிரி ஒருத்தன் இருக்கணும்னு ஆசைப்பட்டு சின்ன வயசுலயே பந்தை மட்டும் இடது கையில எறிய வச்சுட்டாரு. ஒரு அப்பாவோட ஆசைக்காக மாத்தின கை அது. அதே கை பின்னாடி காலேஜ் வரலாற்றுலயே குறி தவறாத கைகள்ல ஒண்ணா ஆச்சு. தாத்தா சேயு வீட்டுக்குப் பெரியவர், தங்கோவைலோவாங்கிற பேரை உலகம் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டவர், பேரன் ஸ்கூல்ல இருக்கும்போதே 2014ல இறந்துட்டாரு, பையன் அதுல ரொம்ப உடைஞ்சு போனான்.

இந்த அப்பா பாசத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு, மறைக்க வேண்டாம்னு நினைக்கிறேன். சரியா ஆடலன்னா வீட்டுல பெல்ட் அடி விழும்னு குடும்பமே டிவி பேட்டில வெளிப்படையா சொல்லியிருக்காங்க. அடிச்சதாலதான் ஜெயிச்சான்னு சிலபேர் அதைப் பெருமையா எடுத்துப் பேசினாங்க, என்னால அதை ஏத்துக்க முடியல. தப்பு பண்ணா வலிக்கும்னு கத்துக்கிட்ட பையன், வலியை மறைக்கவும் சேர்த்துதான் கத்துக்குவான். பின்னாடி கணுக்கால் வீங்கி இருக்கும்போதும் ஆடுறேன் ஆடுறேன்னு நின்னவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

2017 ஜனவரில அலபாமா வந்தான். பின்னாடியே குடும்பமும் ஹவாயை விட்டுட்டு அலபாமாவுக்கே குடிவந்துருச்சு. 7,000 கிலோமீட்டர், சொந்தபந்தம், கடல் எல்லாத்தையும் விட்டுட்டு, கடலே இல்லாத அலபாஸ்டர்னு ஒரு ஊருக்கு. பையன் தனியா இருக்கக் கூடாது, அவ்ளோதான் காரணம். தம்பி டவுலியா அந்த ஊர் ஸ்கூல்ல குவாட்டர்பேக்.

ஆனா டீம்ல இடம் இல்ல. ஜேலன் ஹர்ட்ஸ்னு இன்னொரு பையன் ஏற்கனவே குவாட்டர்பேக்கா இருந்தான், அந்த சீசன் ஃபைனலுக்குப் போறதுக்குள்ள அவன் ஸ்டார்ட் பண்ண 27 மேட்ச்ல 25 ஜெயிச்சிருந்தான். அவனை யார் எடுப்பாங்க? துவா அந்த சீசன் பூரா மேட்ச் முடிவு தெரிஞ்சப்புறம் கடைசில கொஞ்ச நேரம் வருவான், நாலு பந்து எறிவான். அப்பவே ஊர்ல பேச்சு ஓடிக்கிட்டுதான் இருந்தது, என் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் ஒவ்வொரு திங்கக்கிழமையும் "அந்த இடது கைப் பையனைப் பார்த்தியா"ன்னுதான் ஆரம்பிப்பாரு.

2018 ஜனவரி 8, திங்கக்கிழமை ராத்திரி. அட்லாண்டால தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல், எதிர்ல ஜார்ஜியா. நாங்க ஏழெட்டு பேர் ஒரு அபார்ட்மெண்ட்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தோம், பாதிப் பேருக்கு ரூல்ஸே முழுசா தெரியாது. ஃபர்ஸ்ட் ஹாஃப்ல அலபாமா ஒண்ணுமே பண்ணல, 13க்கு 0. ஜேலன் 8 பந்துல 3 தான் போய்ச் சேர்ந்தது, மொத்தம் 21 யார்டு. செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்குது, ஹெல்மெட் போட்டு உள்ள வர்றது 13ஆம் நம்பர். கோச் நிக் ஸேபன் 25 மேட்ச் ஜெயிச்சவனை உட்கார வச்சுட்டு, முதல் வருஷப் பையனை, வாழ்க்கையில ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணாதவனை, ஃபைனல்ல இறக்குறாரு. ரூம்ல யாரும் பேசல.

பையன் வந்ததும் சினிமா மாதிரி எல்லாம் மாறிடல. கொஞ்ச நேரத்துல ஒரு தடவை நாலு பேர் சுத்தி வளைச்சுட்டாங்க, விழுந்துட்டான்னு நினைச்சா அந்தக் கூட்டத்துக்குள்ளயே சுழண்டு வெளிய வந்து ஓடி டவுனை எடுத்துட்டான், அங்கதான் முதல்ல நாங்க எந்திரிச்சு நின்னோம். அந்தத் தடவை பந்து கையில இருந்தப்பவே (அதை டிரைவ்னு சொல்லுவாங்க) ஹென்றி ரக்ஸுக்கு ஒரு டச்டவுன், அதாவது எதிர் டீம் எல்லைக் கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டு சேர்க்குறது. உடனே ஜார்ஜியா 80 யார்டு டச்டவுன் ஒண்ணு போட்டு 20க்கு 7 ஆக்கிட்டாங்க. அப்புறம் பெரிய தப்பு ஒண்ணு பண்ணான், டீமே பந்தோட ஓடுற பிளேக்கு நிக்குது, இவன் மட்டும் பந்தை எறிஞ்சு எதிர் டீம் கையில குடுத்துட்டான், அதுக்குப் பேரு இண்டர்செப்ஷன். ஸேபன் முகம் டிவில சிவந்து போய் தெரிஞ்சது. இருந்தும் அவனை மாத்தல. ரெண்டு ஃபீல்ட் கோல்ல, அதாவது பந்தை உதைச்சு கம்பங்களுக்கு நடுவுல போட்டு எடுக்குற பாயிண்ட்ல, 20க்கு 13 ஆச்சு. ஆட்டம் முடிய நாலு நிமிஷம் கூட இல்ல, கடைசி சான்ஸ், நாலாவது டவுன், 7 யார்டு கோட்டுல இருந்து கால்வின் ரிட்லி நெஞ்சுக்கு நேரா ஒரு பந்து. 20க்கு 20. நேரம் முடியிற கடைசி பந்துல 36 யார்டு உதை, அதைப் போட்டா கப்பு, உதைச்சது இடதுபக்கமா வெளிய போச்சு.

ஓவர்டைம். காலேஜ் ரூல்படி ரெண்டு டீமுக்கும் 25 யார்டு கோட்டுல இருந்து ஒரு வாய்ப்பு. ஜார்ஜியா 51 யார்டு ஃபீல்ட் கோல் போட்டு 23க்கு 20ன்னு முன்னாடி போயிட்டாங்க. அலபாமாவோட முதல் பிளே. துவா பந்தை வாங்கிட்டு தூக்கி வெளிய எறியாம பின்னாடி பின்னாடி ஓடினான், ரெண்டு பேர் அமுக்கிட்டாங்க, 16 யார்டு நஷ்டம். இப்போ 41 யார்டு கோட்டுல நிக்கிறாங்க, ரெண்டாவது டவுன், போக வேண்டியது 26 யார்டு. அங்க இருந்து ஃபீல்ட் கோல் அடிக்கணும்னா 58 யார்டு உதைக்கணும், கொஞ்ச நேரம் முன்னாடி 36ஐயே தவறவிட்ட டீம். என் பக்கத்துல இருந்தவன் செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டான், வீட்டுக்குப் போலாம்னு.

பந்து வந்தது. இடது ஓரமா டிவான்டா ஸ்மித்னு இன்னொரு முதல் வருஷப் பையன் ஓடிக்கிட்டு இருக்கான், அவனைச் சுத்தி ஆளே இல்ல. அவ்ளோ பெரிய மேட்ச்ல ஒருத்தன் எப்படி அவ்ளோ தனியா நிக்க முடியும்னு கேப்பீங்க, அதைக் கடைசில சொல்றேன். 41 யார்டு, பந்து காத்துல போற நேரம் ஒரு யுகம் மாதிரி இருந்தது, ஸ்மித் கைல விழுந்துச்சு, நடந்து உள்ள போற மாதிரி போனான். 26க்கு 23. கப்பு. அதுக்கு முந்தின பிளேல நெஞ்சு உடைஞ்சு போயிருக்க வேண்டிய 19 வயசுப் பையன், அடுத்த பிளேல அதை எறிஞ்சான். எறிஞ்ச 24 பந்துல 14 போய்ச் சேர்ந்தது, 166 யார்டு, மூணு டச்டவுன், பாதி மேட்ச்தான் ஆடினான், மேட்சோட சிறந்த ஆஃபென்ஸ் வீரர் விருது அவனுக்குத்தான்.

அன்னைக்கு ராத்திரி நாங்களும் யுனிவர்சிட்டி ரோட்டுக்கு இறங்கிப் போனோம், குளிர்ல ஆயிரக்கணக்குல பசங்க ரோட்டுலயே நின்னு "ரோல் டைட்"னு கத்துறாங்க, அது அந்த டீமோட கோஷம். ஒரு வயசான அம்மா, முன்னப்பின்ன தெரியாதவங்க, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பையன் பேரை எப்படிச் சொல்லணும்னு கேட்டாங்க. நான் ங போட்டு சொல்லிக்குடுத்தேன், மூணு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

2018 சீசன்ல அவன்தான் முதல் ஆள். 3,966 யார்டு, 43 டச்டவுன், 6 இண்டர்செப்ஷன்தான். இந்த நம்பர் இன்னும் பெருசா இருந்திருக்கும், ஆனா நிறைய மேட்ச்ல மூணாவது குவாட்டரோட ஆட்டமே முடிஞ்சிருக்கும், அவனை உட்கார வச்சுடுவாங்க. ஹெய்ஸ்மன்ல ரெண்டாவது வந்தான், ஒக்லஹோமா கைலர் மர்ரி வாங்கினாரு. டிசம்பர் 29 ஆரஞ்ச் பவுல்ங்கிற செமிஃபைனல்ல அதே மர்ரி டீம் எதிர்ல வந்தது, 27 பந்து எறிஞ்சு 24 போய்ச் சேர்ந்தது, நாலு டச்டவுன், 45க்கு 34ன்னு ஜெயிச்சாங்க. என்னைக் கேட்டா சுத்தமான ஆட்டம்னா அவன் வாழ்க்கையில அதுதான். அடுத்து ஜனவரி 7 ஃபைனல்ல க்ளெம்சன் 44க்கு 16ன்னு நொறுக்கிட்டாங்க, ஆரம்பத்துலயே அவன் எறிஞ்ச ஒரு பந்தைப் பிடிச்சு அவங்களே டச்டவுன் போட்டாங்க. அதையும் சொல்லணும்ல.

அந்த வருஷம் நடந்த இன்னொரு விஷயம் எனக்கு ஸ்கோரை விட பெருசு. டிசம்பர் 1, அலபாமா ஆடுற எஸ்இசி லீக்கோட சாம்பியன்ஷிப், அதே அட்லாண்டா, அதே ஜார்ஜியா, துவாவுக்கு கணுக்கால் போச்சு. உள்ள வந்தது யாரு, போன வருஷம் உட்கார வச்ச ஜேலன் ஹர்ட்ஸ். பின்தங்கி இருந்த மேட்சை 35க்கு 28ன்னு ஜெயிச்சுக் குடுத்தான். ஒரு வருஷம் பெஞ்ச்ல உட்கார்ந்தும் முகம் சுளிக்காம இருந்தவன் அவன். முடிஞ்சதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டதை கேமரால பார்த்து அரங்கத்துல பாதி பேர் அழுதாங்க. ஜேலன் அப்புறம் ஒக்லஹோமா போயி, பிலடெல்ஃபியாவுக்குப் போயி, 2025 பிப்ரவரில என்எஃப்எல் ஃபைனலான சூப்பர் பவுல் ஜெயிச்சு அந்த மேட்சோட சிறந்த வீரர் விருதும் வாங்கிட்டான்.

2019ல இருந்து உடம்பு. அக்டோபர்ல இன்னொரு கணுக்கால், ஆபரேஷன், 20 நாள்ல திரும்பி வந்து எல்எஸ்யூக்கு எதிரா 418 யார்டு, நாலு டச்டவுன், ஆனா 46க்கு 41ன்னு தோல்வி. டஸ்கலூசால நடந்த அந்த மேட்ச்ல ஒவ்வொரு தடவை எறிஞ்சப்புறமும் நொண்டிக்கிட்டே வந்தான். அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 16, மிசிசிப்பி ஸ்டேட். 35க்கு 7ன்னு முன்னாடி, ஹாஃப்டைமுக்கு மூணு நிமிஷம் இருக்கு. அந்த டிரைவோட அவனை எடுத்துடறதா பிளான். வெளிய ஓடும்போது ரெண்டு பேர் மேல விழுந்தாங்க, முட்டி தரையில ஊன்றி, இடுப்பு மூட்டு கிண்ணத்தை விட்டு பின்பக்கமா நழுவி, கிண்ணத்தோட பின்சுவரும் உடைஞ்சுருச்சு. மூக்குல ரத்தம், வலியில கத்துனது மைக்ல கேட்டுச்சு. ஹெலிகாப்டர்ல பர்மிங்ஹம் கொண்டு போனாங்க, ரெண்டு நாள் கழிச்சு ஹூஸ்டன்ல ஆபரேஷன். முடிஞ்சு போன மேட்ச்ல, ஒரு வாரம் முன்னாடி நொண்டினவனை அந்த ஒரு டிரைவுக்கு ஏன் நிறுத்தணும்? ஸேபன் பெரிய கோச், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா இந்த ஒரு முடிவை என்னால இன்னும் மன்னிக்க முடியல.

இடுப்பு மூட்டு நழுவுறது சாதாரண அடி இல்ல. தொடை எலும்போட தலைப்பகுதிக்குப் போற ரத்தக்குழாய் பாதிச்சா எலும்பே மெதுவா செத்துப்போகும், அலபாமாலயே பிறந்து வளர்ந்த பெரிய வீரர் போ ஜாக்சனோட ஃபுட்பால் வாழ்க்கை 1991ல அப்படித்தான் முடிஞ்சது. துவாவுக்கு சீக்கிரமா மூட்டை திரும்ப உள்ள தள்ளிட்டாங்க, ரத்த ஓட்டம் பிழைச்சுது. 2020 ஏப்ரல் டிராஃப்ட்ல மயாமி டால்ஃபின்ஸ் அஞ்சாவது ஆளா எடுத்தாங்க. காலேஜ் கணக்கு மொத்தம்: 7,442 யார்டு, 87 டச்டவுன், 11 இண்டர்செப்ஷன், பாஸர் ரேட்டிங்னு ஒரு அளவுகோல் இருக்கு, அதுல அவன் முடிக்கும்போது காலேஜ் வரலாற்றுலயே அதிகம், 199.4.

என்எஃப்எல் பத்தி நீங்க பார்த்த வீடியோ 2022 செப்டம்பர் 29, சின்சினாட்டி மேட்ச். அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் இன்னொரு மேட்ச்ல தலை தரையில மோதி எந்திரிச்சு தள்ளாடினான், முதுகு வலின்னு சொல்லி திரும்ப ஆட விட்டாங்க. சின்சினாட்டில விழுந்தப்போ விரல்கள் விறைச்சு முறுக்கிக்கிட்டது, மூளை அதிர்ந்ததோட அறிகுறி அது. ஊரே கொதிச்சுது, பத்து நாளுக்குள்ள என்எஃப்எல் விதியை மாத்தி, தள்ளாட்டம் தெரிஞ்சா அன்னைக்குத் திரும்ப ஆடவே கூடாதுன்னு எழுதினாங்க. சமோவா குடும்பங்களுக்கு இது இன்னும் வலிக்கிற இடம். ஜூனியர் சியாவ் 2012ல தற்கொலை பண்ணிக்கிட்டப்புறம் அவர் மூளையில தொடர் அடியால வர்ற சிடிஇ நோய் இருந்ததை டாக்டருங்க உறுதிப்படுத்தினாங்க. துவா 2023 சீசனுக்கு முன்னாடி ஜூஜிட்ஸு கத்துக்கிட்டான், சண்டை போட இல்ல, தலை அடிபடாம விழுறதுக்கு. அந்த வருஷம் ஒரு மேட்ச் விடாம ஆடி, 4,624 யார்டு, மொத்த லீக்லயே அதிகம். 2024 ஜூலைல நாலு வருஷத்துக்கு 212.4 மில்லியன் டாலர் ஒப்பந்தம், செப்டம்பர்ல மறுபடியும் தலையில அடி. இனிமே ஆடணுமா வேண்டாமான்னு அப்போ ஆளாளுக்கு டிவில தீர்ப்பு சொன்னாங்க, அதை முடிவு பண்ண வேண்டியது அவனும் டாக்டரும்தான்னு விட்டுடறேன். தம்பி டவுலியா மேரிலாண்டுக்கு மாறிப் போயி பிக் டென் லீக் வரலாற்றுலயே அதிக யார்டு எறிஞ்சவனா 2023ல முடிச்சான். தாத்தா சேயு ஆசைப்பட்ட பேரு, ரெண்டு பேரன் வழியா ரெண்டு இடத்துல ஏறிருச்சு.

இப்போ பாக்கி வச்ச விஷயம். அந்த ரெண்டாவது டவுன் 26 யார்டு பிளேல ஸ்மித் ஏன் அவ்ளோ தனியா இருந்தான்? நாலு பேர் நேரா ஓடுற பிளே அது. ஜார்ஜியால பின்னாடி ரெண்டு சேஃப்டி, அதாவது எல்லாருக்கும் பின்னாடி நின்னு தூரமா வர்ற பந்தைத் தடுக்குறவங்க, ஆளுக்குப் பாதி கிரவுண்ட். இடதுபக்க சேஃப்டி ஸ்மித் மேல நகர்ந்துட்டா கதை முடிஞ்சது. சேஃப்டி எப்பவும் குவாட்டர்பேக் கண்ணைத்தான் படிப்பான். அடுத்த தடவை தேடும்போது அந்த சின்சினாட்டி வீடியோவை விட்டுட்டு 2018 ஜனவரி ஃபைனலோட கடைசி பிளேயைத் தேடி எடுங்க, கிரவுண்டுக்குப் பின்னாடி உயரத்துல இருந்து எடுத்தது கிடைச்சா இன்னும் நல்லது. வேகத்தைக் குறைச்சு வச்சுட்டு, பந்தைப் பார்க்காம 13ஆம் நம்பர் ஹெல்மெட்டை மட்டும் பாருங்க. பந்து கைக்கு வந்ததும் அது வலதுபக்கம் திரும்பும், அங்கயே நிக்கும், சேஃப்டி ஒரு நொடி தயங்கி நடுவுலயே நின்னுடுவான். அப்புறம்தான் ஹெல்மெட் இடது பக்கம் திரும்பும், அப்பா மாத்திவிட்ட அந்தக் கை மேல போகும்.